காவல் நிலையமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

குற்றத் தடுப்பு என்றதும், "அது போலீஸ்காரர்கள் பாடு, நமக்கென்ன?" என்று ஒதுங்கிக்கொள்வது நம்மில் பலருடைய வழக்கம். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தோம், நாமுண்டு நம் வேலையுண்டு என்று இருப்போம் என்ற எண்ணம். மாரெட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் மல்காஜ்கிரியிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களிலும்கூட, பக்கத்துக் காவல் நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். ஒதுங்கி இருந்தால் ஆபத்து நம்மைத் தேடி வராது என்று நினைப்பது சரிதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

வதந்தி செய்த கொலை

2018ஆம் ஆண்டு மே மாதம். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. நம் ஐதராபாத் பழைய நகரத்தில், சாந்திராயண்குட்டாவில், வெளியூரிலிருந்து வந்திருந்த திருநங்கைகளைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. ஒருவர் உயிரிழந்தார். அதே மாதம் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பத்தினர் வழியில் நின்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதைக் கண்டு சந்தேகித்த கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் மாண்டார்.

அடித்தவர்கள் எல்லோரும் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்லர். தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாக நம்பியவர்கள். முன்பின் தெரியாத முகம் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. வேற்று மொழி பேசி வேற்று ஊரில் வாழும் நாம் இதை மறக்கலாகாது. அயலார் மீது சந்தேகம் மூண்டால், அந்த அயலார் நாமாகவும் இருக்கலாம்.

தப்பட்டை அடித்துச் சொன்ன பாடம்

அதே நேரத்தில் தெலங்கானாவின் ஜோகுலாம்பா கத்வால், வனபர்த்தி மாவட்டங்களில் நடந்ததோ வேறு. அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த ரெமா ராஜேஸ்வரி, கிராமத்துக்கு ஒரு காவலர் என்று முன்பே பொறுப்புக் கொடுத்திருந்தார். கோடையில் வாசலில் படுக்கும் மக்கள் கதவைத் தாழிட்டு உள்ளே படுக்கிறார்கள் என்பதை அக்காவலர்கள் கவனித்து வந்து சொன்னார்கள். காரணம் விசாரித்தபோதுதான் வதந்தி தெரிந்தது.

உடனே 400க்கும் மேற்பட்ட கிராமங்களில் பிரசாரம் தொடங்கியது. தப்பட்டை அடித்து, பாட்டுப் பாடி, பொய்ப் படம் எது, உண்மை எது என்று மக்களுக்குப் புரியவைத்தார்கள். கிராமத்து வாட்ஸ்அப் குழுக்களில் காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாவட்டங்களில் வதந்தியால் ஓர் உயிரும் போகவில்லை. காவலர் ஏற்கெனவே ஊரோடு பழகியிருந்ததால்தான் அவர் சொல் எடுபட்டது. ஆபத்து வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

காவல்துறை நண்பர்கள்: ஏற்றமும் இறக்கமும்

பொதுமக்களைக் காவலுக்குத் துணையாகச் சேர்க்கும் முயற்சியில் தமிழ்நாடு முன்னோடி. 1991இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து உயிர் பிழைத்த இளம் அதிகாரி பிரதீப் வி. பிலிப், 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அது மாநிலம் முழுவதும் பரவியது. இரவு ரோந்து, திருவிழாக் கூட்டம், போக்குவரத்து என்று வாலிபர்கள் உதவினார்கள். 2002இல் பிரிட்டனின் மகாராணி விருதும் கிடைத்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'மைத்ரி' திட்டமும் இதே நோக்கம் உடையதுதான்.

ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இவ்வியக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்று புகார் எழுந்தது. இயக்கத்தினர் மறுத்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டியது காவல்துறையினரைத்தான். ஆயினும் மக்களின் நம்பிக்கை குலைந்துவிட்டது. அடுத்த மாதமே மாநில அரசு இவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது.

27 ஆண்டு உழைப்பு ஒரு மாதத்தில் சரிந்ததிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தொண்டருக்குக் கண்ணும் காதும் போதும், கையில் கம்பு கூடாது. சட்டமும் இதையே சொல்கிறது. ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றம் ஒன்றைத் தம் கண்ணெதிரே செய்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, அடைத்து வைத்து விசாரிக்கவோ எவருக்கும் உரிமை இல்லை.

மிரட்டினால் திருந்துவார்களா?

2014 அக்டோபர் 24 அன்று ஐதராபாத்தில் 'ஷீ டீம்ஸ்' தொடங்கப்பட்டது. சாதாரண உடையில் பஸ் நிறுத்தங்களிலும் கல்லூரி வாசல்களிலும் நின்று, பெண்களைச் சீண்டுவோரைக் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். பிடிபட்டவர்களில் பலர் இளைஞர்கள், பள்ளி வயதுப் பையன்கள்கூட இருந்தார்கள். சிறுவர்களென்றால் பெற்றோரை வரவழைத்து ஆலோசனை சொல்கிறார்கள். தன் மகன் இப்படிச் செய்தான் என்பதை அன்றுதான் அறியும் தாய்தந்தையரும் உண்டு. பெண் பிள்ளைக்கு "ஜாக்கிரதை" என்று நூறு முறை சொல்லும் நாம், ஆண் பிள்ளைக்கு ஒரு முறையாவது எடுத்துச் சொல்கிறோமா?

மிரட்டித் திருத்தலாம் என்பாரும் உளர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1970களில் பையன்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு பயமுறுத்தினார்கள். இவ்வகைத் திட்டங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அழைத்துச் செல்லப்படாத பையன்களைவிட அழைத்துச் செல்லப்பட்டவர்களே அதிகமாகக் குற்றங்களில் இறங்கியது தெரிந்தது! பயத்தைவிடப் பொறுப்புத்தான் பலன் தரும் என்ற நம்பிக்கையில், கேரளத்தில் 2010 ஆகஸ்டில் மாணவர் போலீஸ் படை தொடங்கப்பட்டது. 2018 முதல் அது நாடெங்கும் அரசுப் பள்ளிகளின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

நம்மால் ஆவது என்ன?

1. 112 (அவசர உதவி), 1098 (குழந்தைகள் உதவி), 1930 (இணைய மோசடி) ஆகிய மூன்று எண்களையும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும். பணம் பறிபோனால் முதல் சில நிமிடங்களிலேயே 1930க்குச் சொன்னால்தான் அதை இடையில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

2. "உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோவை அணைக்காதீர்கள்" என்று தனியே இருக்கும் பெரியவர்களை மிரட்டுகிறார்கள். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. இதைத் தாத்தா பாட்டிக்குப் பொறுமையாகச் சொல்லும் வேலையைப் பேரப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நாம் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் ஏறும்.

3. ஊருக்குப் போகும் வழியில் ரயிலில் நகை திருட்டுப் போனால், "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

4. ஆபத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், விசாரிக்காமல் மற்றவருக்கு அனுப்புவதில்லை என்று குடும்பமாக முடிவெடுங்கள்.

5. கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பக்கத்துக் காவல் நிலைய அதிகாரியை நம் விழாவுக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். தெலுங்கு சரளமாக வராத நம் பெரியவர்களுக்கு அவர்களே மொழிபெயர்க்கலாம். இரண்டு மொழியும் தெரிந்திருப்பது நம் பிள்ளைகளின் தனிச் சொத்து. ஒரு முதியவர் புகார் எழுத உதவினால் அதுவும் சமூகத் தொண்டே.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அண்டை வீட்டாரின் பெயரும் காவல் நிலையத்தின் வழியும் தெரிந்து வளரும் பிள்ளைக்கு எந்த ஊரும் அந்நியமல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கந்தகிரிக்குப் போய்த் திரும்பும்போது, உங்கள் காவல் நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். முதல் பாடம் அதுவாக இருக்கட்டும்.