ஆரோக்கியத்துக்கென்று பிறந்த ஊர்

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூருக்குள் பிரவேசித்த பிளேக் நோய், சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டு, வீடுகளை வெறிச்சோடச் செய்து, கடைகளை அடைக்கச் செய்து, உயிருக்கு அஞ்சிய ஜனங்களை ஊருக்கு வெளியே திறந்த வெளிகளில் கொட்டகை போட்டு வசிக்கும்படி விரட்டியபோது, நகரத்தை நிர்வகித்தவர்களுக்கு ஓர் உண்மை ஐயமறப் புலனாயிற்று. நோய் தாக்குவது மனித சரீரத்தைத்தான் என்றாலும், அந்த நோய்க்கு இடம் கொடுத்து வளர்த்தவை காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளும், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்ற சுவர்களும், எலிகள் வளை தோண்டிக் குடியேற இசைந்த மண் தரைகளுமே. எவ்வளவு புத்திமதி சொன்னாலும், ஜனங்கள் வாழும் இடம் மாறாத வரையில் அவர்களுடைய ஆரோக்கியம் மாறப்போவதில்லை என்று உணர்ந்து, அந்த உணர்வைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் நிறைவேற்றிக் காட்டிய முயற்சிகளில் ஒன்றுதான் பிரேசர் டவுன்.

சென்னை ராஜதானியின் ஜில்லாக்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்த தமிழர்கள் பெருந்தொகையினராக வாழ்ந்த தண்டு (கன்டோன்மெண்ட்) பகுதியில், பிளாக்பள்ளி முதலிய பேட்டைகளின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு 1906-இல் அஸ்திவாரமிடப்பட்டு, 1910-ஆம் ஆண்டளவில் குடியிருப்பாக உருவெடுத்த இந்த விஸ்தரிப்புக்கு, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் சூட்டப்பட்டது. நேர்கோட்டில் வகுத்த வீதிகள், வீட்டுக்கு வீடு இடைவெளி, எலி துளைக்க இயலாத உறுதியான தரை, காற்றோட்டத்துக்குத் தகுந்த ஜன்னல்கள், கழிவை அகற்றுவதற்குப் பின்புறச் சந்துகள் என்று ஒவ்வொன்றும் நோயை மனத்தில் கொண்டே திட்டமிடப்பட்டன. அந்த வேலையை முன்னின்று நடத்திய பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக்கைத் தடுக்கும் நகர நிர்மாணத்தைப் பற்றி 1914-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்; ஸ்டீபன்ஸ் ரோடு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புலிகேசி நகர் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறிய பிறகும் ஜனங்களின் வாயில் பிரேசர் டவுனாகவே வழங்கும் இந்த ஊர், ஆரோக்கியத்துக்கென்றே பிறந்த ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்று அதே வீதிகளில், எலியாலோ தெள்ளுப்பூச்சியாலோ பரவாத வேறொரு நோய்க்கூட்டம் வீடுவீடாகப் புகுந்திருக்கிறது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் என்னும் இவை காய்ச்சலைப்போல் ஆரவாரத்தோடு வருவதில்லை. உத்தரத்தைக் கரையான் அரிப்பதுபோல் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி அரித்து, ஒரு நாள் திடீரென்று வீட்டையே சாய்த்துவிடுகின்றன. இந்தியாவில் நிகழும் மரணங்களில் தொற்றா நோய்களால் நேர்பவை 1990-இல் நூற்றுக்கு 38 ஆக இருந்து, 2016-இல் 62 ஆக உயர்ந்துவிட்டன. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தி, 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 10 கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களுக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. பெங்களூரின் ஜெயதேவா இருதய மருத்துவமனை, நாற்பது வயதுக்கு உட்பட்ட இருதய நோயாளிகளுக்கென்றே தனிப் பதிவேடு தொடங்கும் நிலை வந்ததை எண்ணிப் பார்த்தால், இது முதுமையின் துன்பம் என்று நாம் ஆறுதல் கொள்வதற்கும் வழியில்லை என்பது விளங்கும்.

இந்நோய்களுக்குக் காரணங்கள் பல. புகையிலை, மிதமிஞ்சிய உப்பு, சர்க்கரை, தீட்டிய அரிசியும் மைதாவும், குறைந்த உறக்கம், நகரத்துக் காற்றின் மாசு ஆகியவற்றைப் பற்றி ஓரளவு எல்லோரும் அறிவார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு தீங்கு என்று நம்மில் பெரும்பாலோர் மனப்பூர்வமாக நம்புவதில்லை. உழைத்துக் களைத்த பரம்பரையில் வந்தவர்களுக்கு உட்காரக் கிடைத்த நாற்காலி பாக்கியமாகவே தோன்றுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, போதிய தேக உழைப்பில்லாத பெரியவர்கள் உலகத்தில் நூற்றுக்கு 31 பேர். இந்தியாவிலோ ஏறத்தாழ 50 பேர். 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இந்த எண்ணிக்கை 22 ஆகத்தான் இருந்தது. நம் பெண்களில் நூற்றுக்கு 57 பேரும், ஆண்களில் 42 பேரும் இந்த நிலையில் இருக்கிறார்கள் என்னும்போது, வீட்டு வேலையே பெண்களுக்குப் போதிய தேகாப்பியாசம் என்று நாம் சொல்லிவந்த சமாதானம் பொய்த்துப் போகிறது.

அசைவுக்கும் ஆயுளுக்கும் உள்ள சம்பந்தத்தை விஞ்ஞான ரீதியாக முதன்முதலில் தெளிவுபடுத்தியவர்களில் தலையானவர், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜெர்ரி மோரிஸ். 1953-இல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, லண்டன் நகரத்து மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றியது. ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பஸ்ஸில், ஒரே வீதிகளில், ஏறத்தாழ ஒரே வகையான குடும்ப நிலையில் வாழ்ந்தவர்கள். ஆனால் ஓட்டுநர் வேலை நேரத்தின் பெரும்பகுதியை ஆசனத்திலேயே கழிக்க, நடத்துநர் டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500-க்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்கினார். இந்த ஒரு வேற்றுமையின் விளைவாக, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், தாமதித்தும், உயிரைப் பறிக்கும் வேகம் குன்றியும் வந்தது. நடத்துநர்கள் மெலிந்த தேகத்தினராக இருந்ததுதான் காரணமோ என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக, அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த காற்சட்டைகளின் இடுப்பளவைக்கூட மோரிஸ் சேகரித்து ஆராய்ந்தார். பருமனான நடத்துநர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்ததென்றே முடிவில் தெரியவந்தது.

இதன் உட்காரணம் நம் கால்களிலேயே இருக்கிறது. சரீரத்தின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் அமைந்தவை. அவை சுருங்கி விரியும்போதெல்லாம், இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலையிலும், ரத்தத்திலுள்ள சர்க்கரையை நேராக இழுத்துச் செலவிடுகின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தசைகள் மௌனமாகிவிட, உண்ட உணவின் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது; கொழுப்பைப் பிரித்து எரிக்கும் நொதியும் மந்தமாகிறது; கெண்டைக்கால் தசையின் உந்துதல் இல்லாமையால் ரத்தம் மேல்நோக்கித் திரும்புவதும் தாமதப்படுகிறது. இட்லியும் சோறும் பிரதானமாக உண்ணும் நம்மவர்களுக்கு, உணவுக்குப் பின் பத்து நிமிஷம் நடப்பது எந்த மருந்துக்கும் துணை நிற்கும் சிகிச்சை என்பதை இதிலிருந்து அறியலாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்வோரும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வேகமாக நடப்பது முதலிய உழைப்பில் ஈடுபட்டால் அந்தத் தீங்கைப் பெரும்பாலும் நீக்கிக்கொள்ளலாம் என்று காட்டியது.

பழைய நாட்களில் பிரேசர் டவுன்வாசிகளுக்கு இதற்கென்று தனியே பிரயத்தனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆட்டுக்கல்லில் மாவரைத்ததும், குழாயடியிலிருந்து குடம் சுமந்ததும், பையை எடுத்துக்கொண்டு ரஸ்ஸல் மார்க்கெட் வரை நடந்து காய்கறி வாங்கி வந்ததும், ரெயில் பிடிக்கப் பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனுக்குக் கால்நடையாகப் போனதும் நித்திய வாழ்க்கையின் அங்கங்களாகவே இருந்தன. இன்று காலையில் வாசலிலிருந்தே வாகனத்தில் ஏறி, அலுவலகத்தில் கணினிமுன் பகலைக் கழித்து, மின்தூக்கியில் இறங்கி, நெரிசலில் ஒன்றரை மணி நேரம் மீண்டும் அமர்ந்தபடியே வீடு திரும்பி, தெருமுனைக் கடையில் கிடைக்கும் தக்காளியையும் கைபேசியில் வரவழைத்துக்கொள்ளும் குடும்பஸ்தனை நாம் சோம்பேறி என்று பழிப்பது நியாயமாகாது. அவன் காலை முதல் இரவு வரை உழைக்கிறான். அவனுடைய உழைப்பில் சரீரத்துக்கு மட்டும் பங்கு இல்லாமல் போயிற்று. குழந்தைகளின் நிலையும் இதுவே. நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் ஓடியாடவேண்டிய வயதில், பள்ளி வேனிலிருந்து டியூஷனுக்கும், டியூஷனிலிருந்து கைபேசிக்குமாக அவர்கள் ஆசனம் மாறுகிறார்களேயன்றி அசைவதில்லை.

நடப்பதற்கு மனம் இருந்தாலும், கால் வைப்பதற்கு இடம் வேண்டும். மாலை வேளையில் பிரேசர் டவுனின் மாஸ்க் ரோட்டிலோ கோல்ஸ் ரோட்டிலோ நடைபாதையை மட்டும் பற்றிக்கொண்டு நடந்து பார்ப்பவர்கள், முதலில் வரிசையாக நிறுத்திய ஸ்கூட்டர்களையும், பிறகு மின்மாற்றியின் வேலியையும், அதற்கடுத்துச் சாக்கடைமேல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் கருங்கல் பலகையையும் சந்தித்து, சிறிது தூரத்துக்கு ஒருமுறை வண்டிகள் விரையும் வீதியில் இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கிறது. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் பேரனுடைய தோளைப் பற்றி, பின்னால் வரும் ஆட்டோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கும் மூதாட்டிக்கு, நடைபாதையின் அந்த ஓரடி உயரம் ஒரு மதிலைப்போல் நிற்கிறது. ‘டாக்டர் நடக்கச் சொல்றாரு, எங்க தம்பி நடக்கிறது?’ என்று அவரைப் போன்றவர்கள் கேட்டால், அதற்கு வைத்தியரிடம் விடை இல்லை. நகரசபைதான் விடை சொல்ல வேண்டும். வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்ட இந்த நகரத்தில், கோல்ஸ் பார்க்கும் ரிச்சர்ட்ஸ் பார்க்கும் காலையில் நடப்பவர்களால் நிரம்பி வழிவது, மக்களிடம் விருப்பம் குறைவில்லை என்பதற்குப் போதிய சாட்சியாகும். 2020 நவம்பரில் தொடங்கிச் சில மாதங்கள் சர்ச் ஸ்ட்ரீட்டை வாரக் கடைசி நாட்களில் வாகனங்களுக்கு அடைத்து, நடப்பவர்களுக்கு ஒப்படைத்துப் பார்த்த அனுபவமும் இந்த நகரத்துக்கு உண்டு.

இடத்தை மாற்றினால் பழக்கம் மாறுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டையொட்டி, நீரிழிவு மருத்துவரான டாக்டர் வி. மோகனும் அவருடைய சகாக்களும் திருமங்கலத்தில் ஒரு மத்தியதர வகுப்பினரின் குடியிருப்பையும், தியாகராய நகரில் ஓர் ஏழைக் குடியிருப்பையும் எடுத்துக்கொண்டு, வீடுவீடாக ஆராய்ந்து, ஜனங்களுக்கு நோயைப் பற்றிய அறிவையும் புகட்டினார்கள். திருமங்கலத்தார் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இராமல், தாங்களே பணம் திரட்டித் தங்கள் குடியிருப்பில் நடைபாதையோடு கூடிய ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் தேகாப்பியாசம் செய்தவர்கள் அங்கே முன்னர் நூற்றுக்கு 14 பேராக இருந்தது, ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 59 ஆக உயர்ந்திருந்தது. பத்தாண்டுகளில் அக்குடியிருப்பில் நீரிழிவு நூற்றுக்கு 12-இலிருந்து 15 ஆக மட்டுமே ஏற, ஏழைகளின் குடியிருப்பிலோ 6.5-இலிருந்து 15-க்கு மேல் தாவியது. இந்த வித்தியாசத்துக்குப் பூங்கா ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. எனினும், பணக்காரர் வியாதி என்று நாம் ஒதுக்கிவைத்த நோய், மருந்துக்கும் வைத்தியத்துக்கும் வழியற்றவர்களின் வீட்டுக்கு எவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த எண்கள் உரக்கச் சொல்லுகின்றன.

ஆகவே, தேக அசைவின்மை என்பது தனிமனிதனின் மனவுறுதியைப் பொறுத்த விஷயம் என்று கைகழுவிவிடாமல், குடிநீரையும் சாக்கடையையும்போல் அதை நகர நிர்வாகத்தின் கடமையாகக் கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. தடையற்ற நடைபாதை, சாலையைக் கடப்பதற்கு அச்சமற்ற இடம், இரவிலும் பெண்கள் நடக்கத் தகுந்த வெளிச்சம், ஏழைப் பேட்டைகளிலும் ஒரு விளையாட்டு மைதானம், பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்படும் பள்ளிக்கூட முற்றம் ஆகிய இவை எந்த மருத்துவமனையைக் காட்டிலும் குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கக் கூடியவை. அலுவலகத்தார், ஊழியர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதைக் குற்றமாகப் பாராதிருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆண்கள், பெண்களுக்கு அன்றாடம் அரைமணி நேர ஓய்வையேனும் உறுதி செய்து, அதை அவர்கள் தங்கள் உடல்நலத்துக்குச் செலவிடுவதற்குத் துணை நிற்க வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்கு விதித்திருக்கும் தேக உழைப்பின் குறைந்தபட்ச அளவு, வாரத்துக்கு 150 நிமிஷம்; நாளொன்றுக்கு 22 நிமிஷம்கூட நிறைவதில்லை. அதற்கு விலையுயர்ந்த சாதனங்களோ, மாதக் கட்டணம் வாங்கும் ஜிம்மோ தேவையில்லை. வாசகர்கள் இன்றிரவு உணவு முடிந்ததும் வீட்டாரனைவரையும் அழைத்துக்கொண்டு தங்கள் வீதியை ஒருமுறை சுற்றி வரட்டும். அவ்வாறு நடப்பதற்கு அந்த வீதி இடம் தரவில்லையானால், எந்த இடத்தில் என்ன தடை என்பதைக் குறித்து, அண்டை வீட்டாரின் கையொப்பத்தோடு நகரசபையின் வார்டு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பட்டும். தடை நீங்கும் வரையில் மறுபடியும் எழுதட்டும்.