துப்பாக்கியின் ஓசை எங்கே பிறக்கிறது?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கைத்துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கிப் பொருத்துவது சட்டம் அனுமதிக்கும் காரியம். 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி பதிவும் பின்னணி விசாரணையும் உண்டு. அவை முடிந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கப் போகிறவர்கள் சைலன்சரைத்தான் அலசுகிறார்கள்: எந்த உலோகம், உள்ளே எத்தனை தடுப்பு, எத்தனை டெசிபல் குறையும் என்று. துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதன் முனையில் இதைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. இயற்பியல் அந்தக் கணக்குக்கு ஒத்துவருவதில்லை. ஓசை எவ்வளவு அடங்கும் என்பதில் பாதியைத் தோட்டாவும் துப்பாக்கியின் உள்ளமைப்பும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. ஆகவே முதலில் தேர வேண்டியது துப்பாக்கியை.

சுடும்போது கேட்பது ஒரே சத்தம்போலத் தோன்றினாலும் அதில் மூன்று சத்தங்கள் கலந்திருக்கின்றன. குண்டு குழலை விட்டு வெளியேறும் நொடியில் அதன் பின்னாலிருக்கும் சூடான வாயு அழுத்தம் குறையாமல் வெளிக்காற்றில் மோதுகிறது. பெரிய வெடியோசை அதுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் அதன் மூக்கிலிருந்து கிளம்பும் அதிர்வலை சாட்டை சொடுக்குவதுபோல் தனியாக ஒலிக்கும். மூன்றாவது, துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வந்து மோதும் உலோகச் சத்தம். ஹைரம் பெர்சி மேக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற சைலன்சரும் சரி, இன்று கடையில் இருப்பதும் சரி, இவற்றில் முதல் சத்தத்தோடு மட்டுமே மோதுகின்றன. பிரஷர் குக்கரின் ஆவியை விசில் வழியே சிறிதுசிறிதாக விடுவதற்கும் மூடியைச் சட்டென்று திறப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இதில் இருக்கும் தத்துவம்: வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, ஆறவைத்து வெளியே அனுப்புவது. சாதாரண 9 மி.மீ. பிஸ்டல் ஏறத்தாழ 160 டெசிபல் எழுப்பும். நல்ல சைலன்சர் அதை 130 அளவுக்கு இறக்கும். 30 டெசிபல் குறைவதென்றால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். பெரிய சாதனைதான். ஆனால் மற்ற இரண்டு சத்தங்களும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது சத்தத்தை ஒழிக்கத் தோட்டாவை மாற்றுவதே எளிய வழி. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர். பூஜ்ஜிய டிகிரியில் 331. மிகுதியாகப் புழங்கும் 9 மி.மீ. தோட்டாவின் 115 கிரெய்ன் குண்டு, அதாவது ஏழரை கிராம் எடையுள்ளது, நொடிக்கு 350 மீட்டரை ஒட்டிப் பறக்கிறது. எந்த சைலன்சரைப் பொருத்தினாலும் அந்தச் சொடுக்கு கேட்கத்தான் செய்யும். அதே துப்பாக்கியில் 147 கிரெய்ன் குண்டைப் போட்டால் வேகம் 300 மீட்டருக்கு இறங்கிவிடும், சொடுக்கு இல்லை. .45 ஏ.சி.பி. தோட்டாவின் 230 கிரெய்ன் குண்டோ பிறப்பிலேயே மெதுவானது, சுமார் 255 மீட்டர். அமைதிக்கு .45-தான் என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுவே. அதை முழுக்க ஏற்க முடியாது. .45-இன் அறை அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மி.மீ.-க்கு 35,000, இதுவரை .45-க்கே சாதகம். ஆனால் தடித்த குண்டு போவதற்கு சைலன்சரின் ஒவ்வொரு தடுப்பிலும் பெரிய துளை வேண்டும். அந்தத் துளை வழியே வாயுவும் பிடிபடாமல் நழுவும். கனமான குண்டு போட்ட 9 மி.மீ. துப்பாக்கி .45-க்கு ஈடு கொடுப்பது இதனால்தான்.

அடுத்தது துப்பாக்கியின் உடலமைப்பு. சைலன்சருக்கும் பிஸ்டலுக்கும் உண்மையான சிக்கல் தொடங்குவது இங்கேதான். இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஜான் பிரௌனிங் வகுத்த முறையில் இயங்குபவை. சுட்டதும் குழலும் ஸ்லைடும் ஒன்றையொன்று பற்றியபடி சில மில்லிமீட்டர் பின்னால் நகரும். பிறகு குழலின் பின்முனை கீழே சாய்ந்து பிடி விடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய்க் காலி உறையை வெளியே எறிந்து, திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றும். இந்தச் சிறு அசைவுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். அசைய வேண்டிய அந்தக் குழலின் நுனியில் கால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது போதிய வேகத்தில் பின்வாங்காது, சாயவும் மறுக்கும். உறை பாதியில் சிக்கிக்கொள்ளும். இதற்கு மாற்றாகக் குழல் அசையாத துப்பாக்கிகள் உண்டு: வால்தர் பி.பி.கே., ரூகரின் .22 பிஸ்டல்கள் போன்றவை. அவற்றில் குழல் சட்டத்தோடு நிலையாக நிற்பதால் நுனியின் எடை இயக்கத்தைக் கெடுக்காது. பெரெட்டா 92-இன் குழல் நகர்ந்தாலும் சாயாமல் நேராகப் பின்னால் போகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிஸ்டனும் சுருள்வில்லும் கொண்ட பூஸ்டர் என்ற சிறு அமைப்பை சைலன்சரின் அடியில் பொருத்தினால் சுடும் நொடியில் அதன் எடை குழலிலிருந்து பிரிந்துவிடும். எந்த பிஸ்டலும் ஒழுங்காக ஓடும். பிறகு துப்பாக்கியைத் தேடித் தேர்ந்தெடுப்பானேன்? பூஸ்டர் நன்றாகவே வேலை செய்கிறது, அதை மறுப்பதற்கில்லை. அது தீர்ப்பது துப்பாக்கி ஓடுமா என்ற கேள்வியை மட்டும். தேங்கிய வாயு பின்பக்கமாகத் திரும்பி ஸ்லைடைக் கூடுதல் வேகத்தில் தள்ளுவதையும், சுடுபவரின் முகத்தில் புகையாக அடிப்பதையும் அது தடுக்காது. குறிமுள்ளை சைலன்சர் மறைப்பதையும் சரிசெய்யாது. அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் 1990-களில் ஒரு கைத்துப்பாக்கிக்கு விவரக்குறிப்பு எழுதியபோது துப்பாக்கி, சைலன்சர், குறிகாட்டும் லேசர் மூன்றையும் ஒரே தொகுப்பாகவே கேட்டது. அப்படிப் பிறந்தது ஹெக்லர் அண்டு கோக்கின் மார்க் 23. .45 தோட்டா, திருகு வெட்டிய நீண்ட குழல், ஒவ்வொரு முறையும் குழல் ஒரே இடத்தில் வந்து அமரும்படி அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். தோட்டா இல்லாமலே 1.2 கிலோ. இடுப்பில் சுமக்கப் பலரும் அலுத்துக்கொண்ட துப்பாக்கி அது. ஆனாலும் சைலன்சரோடு சேர்த்தே சிந்திக்கப்பட்டதால் அந்த வேலையில் அதன்மேல் குறை சொல்வது கடினம்.

மூன்றாவது சத்தத்தை ஒழிக்க நினைத்தவர்கள் ஒவ்வொருவரும் துப்பாக்கியைத்தான் மாற்றினார்கள் என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசியப் படைக்காக உருவான வெல்ராட் தானாகத் தோட்டா ஏற்றாது. ஒவ்வொரு முறையும் கையால் திருகி இழுக்க வேண்டும். அசைகிற பாகம் இல்லை, ஆகவே மோதுகிற சத்தமும் இல்லை. வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையினர் வைத்திருந்த ‘ஹஷ் பப்பி’ பிஸ்டலில் ஸ்லைடைப் பூட்டி வைக்க ஒரு கொக்கி இருந்தது. அதற்கென்றே 158 கிரெய்ன் எடையில் மெதுவான குண்டும் தயாரானது. ஸ்லைடே இல்லாத ரிவால்வர்களில் அந்த மோதல் சத்தம் இல்லை; ஆனால் சுழல் அறைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் வாயு அங்கேயே கசிந்துவிடும், சைலன்சர் வீண். ரஷ்யாவின் 1895-ஆம் ஆண்டு நாகாந்த் ரிவால்வர் ஒரு விதிவிலக்கு. அதில் சுடுமுன் சுழல் அறை முன்னே நகர்ந்து, தோட்டா உறையின் விளிம்பு குழலுக்குள் நுழைந்து இடைவெளியை அடைத்துவிடும். சோவியத் நாட்டின் பி.எஸ்.எஸ். பிஸ்டலோ இன்னும் ஒருபடி மேலே போய் வாயுவைத் தோட்டா உறைக்குள்ளேயே சிறைப்படுத்தியது. அதற்கு சைலன்சரே தேவைப்படவில்லை.

அப்படியானால் குழல் அசையாத .22 பிஸ்டலே போதுமே என்று கேட்கலாம். ஓசை ஒன்றே அளவுகோல் என்றால் அதை மிஞ்ச ஆளில்லை: மருந்து குறைவு, துளை சிறிது, குட்டையான குழலிலிருந்து குண்டு பெரும்பாலும் ஒலிவேகத்தைத் தாண்டுவதில்லை. 1960-இல் சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 விமானத்தின் ஓட்டுநர் கேரி பவர்ஸிடம் இருந்ததும் சைலன்சர் கொண்ட .22 ஹை ஸ்டாண்டர்ட்தான். இலக்குப் பயிற்சிக்கு வாங்குபவருக்கு நான் சொல்வதும் அதையே. பெரிய தோட்டா தேவைப்படுகிறவர்கள் 147 கிரெய்ன் குண்டோடு சிக்கலின்றி ஓடும் 9 மி.மீ. துப்பாக்கியை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு சைலன்சர் விலையை விசாரிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வெடிபோன்ற திடீர்ச் சத்தத்துக்கு அமெரிக்கப் பணியிட விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 140 டெசிபல். சைலன்சர் அதற்குச் சற்றுக் கீழேதான் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. சைலன்சர் இருந்தாலும் காதடைப்பானைக் கழற்றாதீர்கள்.