எண்ணெய் விலையும் நம் வீட்டுப் பானையும்

2008-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி மாலை நினைவிருக்கிறதா உங்களுக்கு? அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி அறிவித்த செய்தி வானொலியில் வந்த கொஞ்ச நேரத்திற்குள் சுங்கைப்பட்டாணியிலிருந்து கூலிம் வரை பெட்ரோல் நிலையங்களின் வாசலில் வண்டிகள் வால்போல் நீண்டு நின்றன. நள்ளிரவு கழிந்தால் லிட்டர் 1 வெள்ளி 92 காசாக இருந்த பெட்ரோல் 2 வெள்ளி 70 காசு. டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசு. ஒரே இரவில்!

அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிள்காரர்கள். நான்கு லிட்டர்கூடக் கொள்ளாத டாங்கியை நிரப்ப ஒரு மணி நேரம் நின்றார்கள். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்: மூன்று வெள்ளி. ஒரு தே தாரிக்கும் இரண்டு ரொட்டியும். அந்த மூன்று வெள்ளிக்காகத்தானா அவ்வளவு கூட்டம் என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்க வேண்டாம். அந்த மூன்று வெள்ளி மறுநாளும் வேண்டும், அதற்கு மறுநாளும் வேண்டும் என்பதுதான் அவர்களை நிற்க வைத்தது.

அரசாங்கம் அப்போது வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. 250 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 150 வெள்ளியும், 2000 சி.சி. வரையிலான காருக்கு 625 வெள்ளியும் தபால் நிலையத்தில் கொடுத்தார்கள். சாலை வரியைப் புதுப்பித்தவர்களுக்கு அது கிடைத்தது. தோட்டத்துச் செம்மண் பாதையை விட்டு வெளியே போகாத மோட்டாருக்கு எவர் சாலை வரி கட்டி வைத்தார்? அப்படிப்பட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த 150 வெள்ளி போதுமானதா? பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் ஒருவர், சுங்கைப்பட்டாணித் தாமானில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போக 15 கிலோமீட்டர், வர 15 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலை என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் என்றால் மாதத்திற்குப் பதினேழு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. லிட்டருக்கு 78 காசு ஏறியதால் மாதம் பதின்மூன்றரை வெள்ளி கூடுதல். ஆண்டுக்கு 162 வெள்ளி. கொடுத்தது 150. கிட்டத்தட்டச் சரிதான், அவர் வேலைக்கு மட்டும் போய்வந்தால்! மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகக் கூடாது. சந்தைக்குப் போகக் கூடாது. கோயில் திருவிழாவுக்கும் போகக் கூடாது. மேலும், பெட்ரோல் ஏறியதால் ஏறிய அரிசி, மீன், காய்கறி விலைக்குத் தபால் நிலையத்தில் பணம் தரவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பெட்ரோல் 1 வெள்ளி 80 காசுக்கு இறங்கியது. ஏற்றத்திற்கு முன்பிருந்த விலையையும்விடக் குறைவு. கடையில் ஏறிய சாமான் விலை அதோடு இறங்கியதா? உங்களுக்கே தெரியும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கவலை ஏன் இல்லை? லயத்தில் குடியிருந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்திற்கு நடந்தே போனார்கள். நிரை பக்கத்தில், பள்ளிக்கூடம் பக்கத்தில், கோயிலும் கடையும் பக்கத்தில். அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுகும் கூரையும் கிராணியின் அதட்டலும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வேலைக்குப் போகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பிறகு ரப்பர்க் காடு செம்பனைக் காடாயிற்று. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், தமிழ்ப்பள்ளி இன்னொரு பக்கம். மோட்டார் சைக்கிள் நமக்கு ஆடம்பரமாக வரவில்லை, காலாக வந்தது. பெட்ரோல் நிலையத்தில் விலை சொல்வது லிட்டருக்கு. நாம் செலவழிப்பதோ தூரத்திற்கு. இதை மறந்துவிட்டு விலைப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு பிடிபடாது.

இன்னொன்றும் உண்டு. நகரத்துக்காரர்களைவிடக் கெடாக்காரர்களுக்கு எண்ணெய் விலை நெருங்கிய உறவு. எப்படி என்கிறீர்களா? செயற்கை ரப்பர் கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. கச்சா எண்ணெய் ஏறினால் செயற்கை ரப்பர் விலை ஏறும். டயர்க் கம்பெனிகள் நம் பால்மரத்து ரப்பரைத் தேடும். அதன் விலையும் ஏறும். 2008-இன் நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 அமெரிக்க டாலரைத் தொட்டபோது ரப்பரும் நல்ல விலைக்குப் போயிற்று. பாலிங், சீக் பக்கம் சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் நிலையத்தில் பெருமூச்சு விட்டாலும் கட்டிப்பால் விற்கும் இடத்தில் கொஞ்சம் சிரித்தார்கள். ஆண்டு முடிவில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே விழுந்தபோது ரப்பரும் கூடவே விழுந்தது.

ஆனால் இந்த உறவை நம்பி உட்கார முடியாது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி வைத்தன. மூன்று டாலர் அளவில் இருந்த பீப்பாய் 1974 தொடக்கத்தில் பன்னிரண்டு டாலர்வரை போயிற்று. உலகமெங்கும் தொழில் மந்தமாயிற்று. கார் வாங்குவோர் குறைந்தனர், டயருக்குக் கிராக்கி குறைந்தது. ரப்பர் விலை சரிந்தது. அரிசி, மாவு, சீனி விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 1974 நவம்பரில் பாலிங் பட்டணத்தில் ஆயிரக்கணக்கான ரப்பர் குடியானவர்கள் திரண்டு முறையிட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களுள் அன்வார் இப்ராகிம் என்ற இளைஞரும் ஒருவர். ஐம்பது ஆண்டு கழித்துப் பிரதமராக இருந்து எண்ணெய் மானியத்தை மாற்றியமைத்தவரும் அவரேதான். காலம் எப்படியெல்லாம் சுற்றி வருகிறது, பாருங்கள்!

மானியத்தின் கதை நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1983 முதல் அரசாங்கமே விலையைக் கட்டி வைத்திருந்தது. 2014 டிசம்பர் 1 முதல் மானியத்தை எடுத்துவிட்டு மாதம் ஒரு விலை என்றார்கள். 2017 மார்ச் முடிவில் வாரம் ஒரு விலை ஆயிற்று. புதன்கிழமை வந்தாலே தொலைபேசியில் ஏறுமா இறங்குமா என்ற பேச்சு. பிறகு மறுபடியும் உச்சவரம்பு. 2020 ஏப்ரலில் தொற்றுநோய்க் காலத்தில் ரோன் 95 பெட்ரோல் 1 வெள்ளி 25 காசுக்கு வந்தது. அடேயப்பா, எத்தனை மலிவு! நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தோம். 2021 முதல் 2 வெள்ளி 5 காசு என்று நிறுத்தி வைத்தார்கள். 2022-இல் உக்ரேன் போரினால் கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியபோதும் நம் பம்பில் அந்த எண் மாறவில்லை. மீதியை அரசாங்கக் கஜானா கொடுத்தது.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியது. இதுதான் நம் குடும்பங்களை மறைமுகமாகத் தொட்ட ஏற்றம். வீட்டில் டீசல் வண்டி இல்லை என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. பிள்ளையை ஏற்றிச் செல்லும் பஸ் எதில் ஓடுகிறது? உரிமம் பெற்ற பள்ளிப் பஸ்களுக்குத் தனி அட்டை மூலம் மலிவு விலையில் டீசல் கிடைக்கும்படி அப்போது ஏற்பாடு செய்தார்கள். உரிமம் இல்லாமல் ஓடும் வேன்களுக்கு அது கிடையாது. ஆகவே வேன்காரர் கட்டணத்தை ஏற்றினால், முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்: உரிமம் உண்டா, அட்டை உண்டா? அவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு அல்ல. அவரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து தாமான் தாமானாகச் சுற்றுகிறவர். ஆனால் தோட்டம் காலியாகிப் பிள்ளைகள் தூரத்திலிருந்து வரும் தமிழ்ப்பள்ளிக்கு வேன்தான் உயிர்நாடி. இரண்டு பிள்ளைக்கு வேன் காசு கட்ட முடியாத தாய், வீட்டெதிரே இருக்கும் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தால் அவளை யார் குறை சொல்வது? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டடத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். வேன் காசைப் பற்றியும் அரைமணி பேசினால் நல்லது.

2025 செப்டம்பர் முடிவில் புடி 95 என்ற திட்டம் வந்தது. குடியுரிமை அடையாள அட்டையை பம்பில் காட்டினால் ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அப்போது மாதம் 300 லிட்டர் வரை. அட்டை இல்லாதவர்களுக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. கெடாவுக்கு எல்லையோரம் உண்டு. புக்கிட் காயு ஈத்தாம் வழியே நம் மலிவு எண்ணெய் தாய்லாந்துக்குப் போகும் பழைய கதை எல்லாரும் அறிந்ததே. ஆகவே மானியம் ஆளைப் பார்த்து வருவது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 லிட்டரையும் ஊற்றிய கார்க்காரருக்கு அப்போது கிடைத்தது மாதம் 183 வெள்ளி. பதினேழு லிட்டர் ஊற்றிய நம் பீடோங் பால்வெட்டுக்காரருக்குக் கிடைத்தது பத்து வெள்ளி சொச்சம். மழையெல்லாம் பெரிய பாத்திரத்தில்தான் நிறைய விழுகிறது.

நம் கையில் இருப்பது என்ன? ஒரு இருபது காசு நோட்டுப் புத்தகம் என்பார்கள் பெரியவர்கள். இன்றைக்கு ஒரு வெள்ளி ஆகும். டாங்கியை நிரப்புங்கள், மீட்டர் எண்ணைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் ஏறிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்று வகுத்துப் பாருங்கள். (மீட்டர் ஓடாத மோட்டார்தான் அதிகம் என்பது எனக்கும் தெரியும். பழகிய பாதையின் தூரம் தெரிந்தால் போதும்.) 45 ஓடிய வண்டி 35-க்கு இறங்கியிருந்தால் அதில் நோய் இருக்கிறது. டயரில் காற்றுக் குறைந்திருக்கும், செயின் காய்ந்திருக்கும், காற்று வடிகட்டியில் செம்மண் அடைத்திருக்கும், பிளக் கருகியிருக்கும். இவற்றைச் சரிசெய்யும் செலவு, லிட்டருக்குப் பத்துக் காசு ஏறியதற்கு அழும் நேரத்தைவிடக் குறைவு.

காரில் தனியாகப் போவோருக்கு ஒரு வார்த்தை. பாடாங் செராயிலிருந்து கூலிம் தொழிற்பேட்டைக்குப் போய்வர நாளைக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 12 ஓடும் காருக்கு மாதம் 87 லிட்டர்; 1 வெள்ளி 99 காசு விலையில் 173 வெள்ளி. நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 43. ஆலை பஸ் வரும் பாதையில் இருந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் ஷிப்டு ஒத்துவர வேண்டும், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அதுதான் நம்மவர்களிடம் கொஞ்சம் தட்டுப்பாடு.

விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டதும் குடிநீர்ப் புட்டியில் பெட்ரோல் வாங்கி வீட்டில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்த புட்டி இரண்டு வெள்ளி மிச்சப்படுத்தி வீட்டையே கேட்கும்.

கடைசியாக, அட்டை விஷயம். புடி 95 குடிமக்களுக்கு மட்டும். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் பெரியவர்களுக்கு அது கிடையாது. ஐம்பது ஆண்டாகப் பால் வெட்டிய கை, பம்பில் முழு விலை கொடுக்கிறது. அவர்களுடைய பிறப்புப் பத்திரத்தையும் பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டையும் தேடி எடுத்து, பதிவிலாகாவுக்கு அழைத்துப் போக வீட்டில் படித்த பிள்ளை ஒன்று முன்வரட்டும்.

அட்டை நீலமாக இருந்தாலும் ஓட்டுநர் உரிமம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் விதி. தோட்டத்துப் பாதையில் ஓட்டுகிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்று உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் பலர். மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டிவரும். இதைப் படித்து முடித்ததும் பணப்பையை எடுத்து, உங்கள் உரிமத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்; உங்கள் வீட்டுக்காரருடையதையும்.