முதலில் சேமி, பிறகு திற: உலாவியில் திறக்காத கோப்புகள்

இணையத்திலுள்ள ஓர் ஆவணம் உலாவியில் திறப்பதற்கு நான்கு விடயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும்: கோப்பை வைத்திருக்கும் வழங்கி, அதைக் கொண்டுவரும் இணைப்பு, அதைக் காட்டும் உலாவி, கடைசியாக அந்தக் கோப்பு. இவற்றில் எது பிசகினாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் வெள்ளைப் பக்கம், ஓயாமல் சுற்றும் வட்டம், அல்லது ஆவணத்தை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி. அறிகுறி ஒன்றாகவும் காரணம் பலவாகவும் இருப்பதால், உலாவியை அழித்து மறுபடி நிறுவுவது, போனை அணைத்துப் போடுவது என்று நோய்க்குச் சம்பந்தமில்லாத வைத்தியங்கள் நடக்கின்றன.

யாழ்ப்பாணத்துக் கோப்பாய் போன்ற ஓர் ஊரில் இந்தத் தொல்லை படாதவர்கள் குறைவு. ஆசிரிய கலாசாலையில் பயில்பவருக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி வேண்டும். பள்ளி மாணவருக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலுள்ள பாடநூல் வேண்டும். அரச வேலைக்கு விண்ணப்பிப்பவர் வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியைத் தேடுகிறார். கனடாவிலுள்ள மகளிடம் போய்வர நினைக்கும் பெற்றோருக்கு விசாப் படிவம் தேவை. இவை எல்லாமே பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கின்றன. அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008 இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணினியிலும் ஒரே தோற்றம் என்பதே அதன் நோக்கம். நடைமுறையில் அந்த நோக்கம் எங்கே தடைப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு.

முதற் சோதனை

இணைப்பை அழுத்தித் திறக்க முயல்வதற்குப் பதிலாகக் கோப்பைச் சேமித்துப் பார்ப்பதே முதல் வேலை. கணினியில் இணைப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தினால், கைத்தொலைபேசியில் இணைப்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், சேமிப்பதற்கான தெரிவு வரும். சேமித்த கோப்பை உலாவிக்கு வெளியே, அடோபி ரீடர் போன்ற ஒரு செயலியில் திறக்க வேண்டும். அங்கே திறந்தால் கோப்பும் நல்லது, வந்த வழியும் நல்லது. கோளாறு உலாவியில் அல்லது வழங்கி சொன்ன தகவலில். அங்கேயும் திறக்காவிட்டால் உலாவியைக் கிண்டுவதில் பயனில்லை.

இந்தச் சோதனையை ஈழத்து வாசகர்கள் வேறு வடிவில் ஏற்கெனவே அறிவார்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி வைக்கும் 'நூலகம்' எண்ணிம நூலகம் 2005 இல் தொடங்கியது. அதன் பல பதிவுகளில் பிடிஎஃப் இணைப்புக்குப் பக்கத்திலேயே, தரவிறக்கிச் சேமித்த பின் வாசிக்கும்படியும் உலாவியில் வாசிக்க வேண்டாம் என்றும் ஒரு குறிப்பு இருக்கும். பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்யப்பட்டவை என்பதே இதன் பின்னணி. ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கான் செய்தால், அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 புள்ளிகள் வரும். கோப்புக்குள் அது சுருக்கி வைக்கப்பட்டிருந்தாலும், திரையில் காட்டுவதற்கு விரித்தே ஆக வேண்டும். விரித்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 26 மெகாபைட் நினைவகம் போகும். பத்துத் தாவல்கள் திறந்திருக்கும் ஒரு பழைய போனில் இருநூறு பக்க நூலை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனால் உலாவி தானாக மூடிக்கொள்வதில் வியப்பில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பக்கம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைப் பிடிஎஃப் வழக்கமாகத் தன் கடைசியில் வைத்திருக்கும். வழங்கி கோப்பைத் துண்டு துண்டாகக் கொடுக்கச் சம்மதித்தால் உலாவி முதலில் வாலை வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் எடுக்கும். சம்மதிக்காவிட்டால் முழுக் கோப்பும் வந்து சேரும்வரை முதற்பக்கம்கூடத் தெரியாது. இணையத்துக்கென ஒழுங்குபடுத்திச் சேமித்த பிடிஎஃப்பில் முதற்பக்கத்துக்கு வேண்டியவை எல்லாம் முன்னாலேயே இருக்கும். அது சட்டென்று திறக்கும்.

வந்தது கோப்புத்தானா?

சேமித்த கோப்பும் திறக்காவிட்டால் அதன் அளவைப் பார்க்க வேண்டும். தளத்தில் 22 மெகாபைட் என்று எழுதியிருக்க, கைக்கு வந்தது 9 மெகாபைட் என்றால் இணைப்பு நடுவழியில் அறுந்திருக்கிறது. டேட்டா முடிந்திருக்கலாம், சிக்னல் விழுந்திருக்கலாம், போனில் இடம் நிறைந்திருக்கலாம். அட்டவணை கடைசியில் இருப்பதால், பாதி வந்த பிடிஎஃப்பில் பாதிப் பக்கங்களாவது தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. பல வேளை ஒன்றுமே தெரியாது. அரைகுறைக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தரவிறக்குவதே வழி.

அளவு சில கிலோபைட் மட்டுமே என்றால் கதை வேறு. அந்தக் கோப்பைக் கணினியில் நோட்பேட்டில் திறந்து முதல் வரியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உண்மையான பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியுடனும் அதையடுத்துப் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களுடனும் தொடங்கும். அதற்குப் பின் பதிப்பு எண் இருக்கும். அதற்குப் பதிலாகக் கோணக் குறியும் எச்டிஎம்எல் என்ற சொல்லும் இருந்தால், வந்தது ஆவணமே அல்ல, ஒரு வலைப்பக்கம். பக்கம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்போ, உள்நுழையச் சொல்லும் பக்கமோ, நெரிசலில் வழங்கி அனுப்பிய மன்னிப்போ பிடிஎஃப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இப்படி நடந்தால் சில மணி நேரம் பொறுப்பதைத் தவிர வாசகர் செய்யக்கூடியது எதுவுமில்லை.

வழங்கியின் குறிப்பு

உலாவி ஒரு கோப்பைப் பெறும்போது அதனுடன் ஒரு குறிப்பும் வரும். இது இன்ன வகைக் கோப்பு, இதைக் காட்டு அல்லது சேமி என்று அந்தக் குறிப்பு சொல்லும். வகை தெரியாத வெறும் தரவு என்று வழங்கி எழுதிவிட்டால், உள்ளே நல்ல பிடிஎஃப் இருந்தாலும் உலாவி அதைக் காட்டாமல் தரவிறக்கத் தொடங்கும். சேமிக்கும்படி வழங்கியே கட்டளையிட்டாலும் அப்படித்தான். சேமித்த கோப்பு ஒழுங்காகத் திறந்தால் இதைக் கோளாறாகக் கருத வேண்டியதில்லை.

முகவரியிலும் சிக்கல் வரலாம். தமிழ் எழுத்துக்கான ஒருங்குறிக் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். இணைய முகவரியில் அது ஒன்பது குறிகளாக விரியும். கோப்புக்கு நீண்ட தமிழ்ப் பெயர் வைத்தால் முகவரி பல வரிகளுக்கு நீளும். வட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டும்போது வால் அறுந்துபோகலாம். அன்ரொயிட் போன்களில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழுக்கு அது 85 குறியீடுகள் மட்டுமே. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். பெயர் நீளம் என்பதாலேயே சேமிக்க முடியாமல் போகும் கோப்பை, சேமிக்கும்போது சுருக்கமான பெயர் கொடுத்துக் காப்பாற்றலாம்.

உலாவியின் பக்கம்

வெளியே திறக்கும் கோப்பு உலாவிக்குள் மட்டும் திறக்கவில்லை என்றால் அமைப்புகளைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் உலாவிகளால் பிடிஎஃப்பைத் தாமாகக் காட்ட முடியவில்லை. அடோபி ரீடரின் செருகி வேண்டியிருந்தது. குரோம் 2010 இலும் ஃபயர்பொக்ஸ் 2013 இலும் சொந்தமாகக் காட்டத் தொடங்கின. பழைய வகைச் செருகிகளைக் குரோம் 2015 இல் முற்றாகக் கைவிட்டது. ஆகவே செருகியை நிறுவச் சொல்லும் பழைய ஆலோசனைகள் இன்று உதவாது.

குரோமின் தள அமைப்புகளில் பிடிஎஃப்பைத் தரவிறக்குவதா, குரோமிலேயே திறப்பதா என்று கேட்கும் தெரிவு இருக்கிறது. எட்ஜிலும் ஃபயர்பொக்ஸிலும் இதே போன்ற தெரிவு உண்டு. அது சரியாக இருந்தும் திறக்காவிட்டால் மறைநிலைச் சாளரத்தில் அதே இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே உலாவியில் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகள் வழக்கமாக இயங்காது. பழைய தற்காலிகச் சேமிப்பும் பயன்படாது. மறைநிலையில் திறந்தால் குற்றவாளி இந்த இரண்டில் ஒன்று. தரவிறக்கத்தை வேகப்படுத்த நிறுவும் இன்டர்நெட் டவுன்லோட் மனேஜர் போன்ற மென்பொருட்கள் உலாவிக்கு முன்பாகவே பிடிஎஃப்பைப் பறித்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. அந்த மென்பொருளின் அமைப்பிலுள்ள கோப்பு வகைப் பட்டியலிலிருந்து பிடிஎஃப்பை நீக்கினால் போதும்.

காத்திருக்கச் சொல்லும் படிவம்

எல்லாம் சரியாக இருந்தும் திறக்காத ஒரு வகைப் பிடிஎஃப் உண்டு. யாழ்ப்பாணத்துக் கொமினிகேசன் கடைகளில் இது நன்கு அறிமுகமானது. கனடாவுக்கான வருகை விசாவின் ஐ.எம்.எம். 5257 படிவத்தைப் பெரும்பாலான உலாவிகளில் திறந்தால், தயவுசெய்து காத்திருக்கவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வரும். எவ்வளவு நேரம் இருந்தாலும் படிவம் வராது. காரணம், அந்தக் கோப்பில் சாதாரண பிடிஎஃப் பக்கமாக இருப்பது அந்த அறிவிப்பு மட்டுமே. உண்மையான படிவம் எக்ஸ்எஃப்ஏ எனப்படும் வேறொரு முறையில் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. அந்த முறை தெரியாத உலாவி தனக்குத் தெரிந்த ஒரே பக்கத்தைக் காட்டிவிட்டு நிற்கிறது.

ஃபயர்பொக்ஸ் 2021 அக்டோபரில் வந்த 93 ஆம் பதிப்பிலிருந்து இந்த வகையைக் காட்டுகிறது. ஆனாலும் நிரப்பி முடித்தபின் சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தி, கோடுகளாலான குறியீட்டுப் பக்கத்தை உருவாக்குவதற்குக் கணினியில் நிறுவிய அடோபி ரீடரே நம்பகமானது. போனில் உள்ள ரீடர் செயலியும் இதற்கு உதவாது. இந்த முறை தெரியாத உலாவியிலிருந்து அச்சிட்டுப் புதிய பிடிஎஃப் செய்வதும் வீண். காத்திருக்கச் சொல்லும் பக்கம்தான் அச்சாகும்.

வேர்ட் கோப்பும் பாமினியும்

வேர்ட் கோப்புகளைக் காட்டும் வசதி பெரும்பாலான உலாவிகளிடம் இயல்பாக இல்லை. அவை தரவிறங்குவது பிழையன்று. கூகுள் டிரைவிலோ மைக்ரோசொஃப்டின் இணையத் தளத்திலோ ஏற்றினால் உலாவிக்குள்ளேயே பார்க்கலாம். 2007 க்குப் பிந்திய வேர்ட் கோப்பு உண்மையில் பல சிறு கோப்புகளைக் கட்டிய சிப் பொதி. அதனால் சில போன்கள் அதைச் சிப் கோப்பு என்று பெயரிட்டுச் சேமிக்கும். பெயரின் கடைசியில் உள்ள நீட்டிப்பைத் திருத்தினால் திறந்துவிடும்.

திறந்த பிறகும் வாசிக்க முடியாத கோப்பு இன்னொரு வகை. ஒருங்குறி பரவுமுன் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலேயே நடந்தது. பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் இன்றும் அதில் கிடக்கின்றன. பாமினி, ஆங்கில எழுத்துக்களுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வேர்ட் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே வரும். கோப்பு கெடவில்லை. எழுத்துருவை நிறுவினால், அல்லது இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றியில் ஒருங்குறிக்கு மாற்றினால், உள்ளடக்கம் முழுமையாக மீளும். பிடிஎஃப்பாக மாற்றும்போது எழுத்துருவை உள்ளே பதித்திருந்தால் தோற்றம் எங்கும் சரியாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் மீண்டும் ஆங்கில எழுத்துக்கள்தான் வரும்.

எச்சரிக்கை

பிடிஎஃப்பைத் திறக்கப் புதிய செயலி வேண்டும் என்று சொல்லி ஏபிகே கோப்பொன்றை நிறுவச் சொல்லும் இணைப்பையும், பிடிஎஃப் என்ற சொல்லுக்குப் பின் இன்னொரு நீட்டிப்பு ஒட்டியிருக்கும் கோப்பையும் திறக்கவே கூடாது. ஒரு சாதாரண ஆவணத்தை வாசிக்க இவை எதுவும் தேவையில்லை. கடவுச்சொல் கேட்கும் கோப்புக்கு அனுப்பியவரிடமே விடை இருக்கும். வங்கிக் கூற்றுகளில் அது பெரும்பாலும் அடையாள அட்டை எண்ணையோ பிறந்த திகதியையோ ஒட்டியதாக இருக்கும். அந்த மின்னஞ்சலிலேயே விளக்கம் இருக்கும். கடவுச்சொல்லை நீக்கித் தருவதாகச் சொல்லும் அறியாத தளங்களில் இத்தகைய கோப்புகளை ஏற்றுவது ஆபத்து.

வெளியிடுபவர் பக்கம்

கோப்பை வெளியிடும் பாடசாலையோ சனசமூக நிலையமோ அலுவலகமோ சில பழக்கங்களைக் கைக்கொண்டால் வாசகரின் பாதித் தொல்லை நீங்கும். வேர்ட்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப்பாகச் சேமித்தால் எழுத்துரு பெரும்பாலும் தானாகவே பதியும். அச்சிட்டு மறுபடி ஸ்கான் செய்யத் தேவையில்லை. ஸ்கான் செய்தே ஆக வேண்டிய எழுத்துப் பக்கங்களுக்குச் சாம்பல் நிறம் போதும். விரிந்த அளவு மூன்றில் ஒன்றாகக் குறையும். கோப்புப் பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும். இணைப்புக்குப் பக்கத்தில் மெகாபைட் அளவை எழுதிவைத்தால், கோப்பு முழுதாக வந்ததா என்று வாசகரே சரிபார்த்துக்கொள்வார்.

கூகுள் டிரைவில் வைத்துப் பகிர்பவர்கள், இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியைக் கொடுக்க மறப்பது வழக்கம். தம் கணக்கில் நுழைந்திருக்கும் வரை கோப்பு அவர்களுக்குத் திறக்கும். மற்றவர்களுக்கோ அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம் வரும். ஆகவே சொந்தக் கணினியில் திறக்கிறது என்பது சோதனையாகாது. கணக்கில் நுழையாத இன்னொருவரின் போனில், வைஃபை இல்லாமல் டேட்டாவில், வட்ஸ்அப்பில் வந்த அதே இணைப்பை அழுத்தித் திறந்து பார்த்த பிறகே அதை ஊருக்கு அனுப்பலாம்.