தங்கம் ஜெயிச்சவரும் கடைசியில கம்பியைத் தட்டித்தான் விடுவார்!

திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கீங்களா? மொத்தம் 14 கி.மீ. பெரிய கோயிலில் ஆரம்பித்தால், அடி அண்ணாமலைக்கு வரும்போது ஏறக்குறைய பாதி தூரம் முடிந்திருக்கும். கால் கெஞ்ச ஆரம்பிப்பதும் அங்கேதான். 'போதும், திரும்பிடலாம்'னு தோணும். ஆனால், திரும்பிப் போனாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். நடக்க வேண்டியதுதான். (ஆட்டோ பிடிக்கலாம்தான். அது வேற கணக்கு!)

விளையாட்டுலயும் இப்படி ஓர் 'அடி அண்ணாமலை' வரும். டீம் லிஸ்ட்டில் பெயர் இல்லை, முழங்காலில் அடி, வீட்டில் 'ப்ளஸ் டூ வந்தாச்சு, போதும்' என்கிறார்கள். விட்டுடலாமா? இந்தக் கேள்வி உங்ககிட்ட இருந்தா, ஒருமுறை உயரம் தாண்டுதலைப் பாருங்க.

ரூல் சிம்பிள். கம்பியைத் தாண்டினால் அடுத்த உயரம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் அவுட். மத்தவங்க எல்லாரும் வெளியேறிய பிறகும், ஜெயித்தவர் இன்னும் உயரமா வெச்சுத் தாண்டிப் பார்க்கலாம். எதுவரைக்கும்? பெரும்பாலும் அவரும் மூன்று முறை தவறும் வரைக்கும். அதாவது, தங்கம் வாங்குபவரின் அன்றைய கடைசித் தாவலும் அநேகமாக ஒரு தோல்விதான்!

இதை வாழ்ந்து பார்த்தவர் நம்ம மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. செங்கல் சுமந்து, காய்கறி விற்று வளர்த்தவர் அம்மா. உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் பி.இ.டி. சார். (கணக்கு டீச்சருக்கு பி.டி. பீரியடைத் தாரை வார்க்கிற ஸ்கூல்ல நான் படிச்சேன். பொறாமையாத்தான் இருக்கு.)

2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். அப்போ அவருக்கு வயசு 21.

அடுத்தது டோக்கியோ, 2021. தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்தப்போவது இவர்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால், போன விமானத்தில் கூட வந்த ஒருவருக்கு கொரோனா. மாரியப்பனைத் தனிமைப்படுத்த, கொடி டேக் சந்த் கைக்குப் போனது. இவர் பண்ணின தப்பு எதுவுமே இல்லை! ஒரு வாரம் கழித்து நடந்த போட்டியில் மழை வேற. 1.86 தாண்டினார். அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88. வெள்ளி.

2024 பாரிஸில் 1.85, வெண்கலம்.

89, 86, 85... 'இறங்கிட்டே வர்றாரே'னு சொல்றவங்க இருப்பாங்க. எனக்கு அப்படித் தெரியலை. பாரிஸுக்குச் சில மாதங்கள் முன்னால்தான், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியிருந்தார். இறங்குற ஆளு அதைப் பண்ண முடியுமா? தொடர்ந்து மூணு பாராலிம்பிக், மூணுலயும் மெடல்.

டீம்ல பேர் வராத நாள், கோச்கிட்ட 'ஏன் சார் என்னை எடுக்கலை?'னு கேக்காதீங்க. அதுக்கு வர்ற பதில் பெரும்பாலும் ஆறுதலா இருக்கும், இல்லைனா திட்டா இருக்கும். 'எந்த இடத்துல சார் தவறுறேன்?'னு கேளுங்க. உயரம் தாண்டுறவங்களுக்கு இதுக்குத் துல்லியமான பதில் கிடைக்கும்: ஓடி வர்ற வளைவா, எம்புற காலை ஊன்றுற இடமா, இடுப்பு கம்பியில இடிக்குதா? சிலருக்கு, ஓட்டம் ஆரம்பிக்கிற இடத்தை ஓரடி பின்னால தள்ளி வெச்சாலே போதும்.