சிறு நிலங்களில் முதிர்ந்த மான் மேலாண்மை

சிறு நிலங்களில் முதிர்ந்த மான் மேலாண்மை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் தனியார் நில உரிமையாளர்கள் வெண்வால் மான் இனத்தின் ஆண் மான்கள் முழு வளர்ச்சி பெறும் வயதை எட்டும் வகையில் வேட்டையையும் வாழிடத்தையும் ஒழுங்குபடுத்தும் முறையாகும். ஓர் ஆண் மான் நடமாடும் பரப்பு சிறு நிலத்தைவிடப் பன்மடங்கு பெரியது. எனவே இம்முறையின் வெற்றி பெரும்பாலும் அயல் நிலத்தாரைச் சார்ந்துள்ளது.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் விற்பனைக்கான கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் வெண்வால் மான்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. இதனால் மாநில அரசுகள் வேட்டைப் பருவங்களை வரையறுத்துப் பெண் மான்களைப் பாதுகாத்தன. பென்சில்வேனியா மாநிலம் 1907 இல் கொம்பில்லா மான்களைக் கொல்லத் தடை விதித்தது. மான்கள் மீண்டும் பெருகின. ஆயினும் ஆண் மான்களை மட்டும் வேட்டையாடும் வழக்கம் நிலைத்ததால், பல பகுதிகளில் அவை முதற்கொம்பு முளைத்த 1½ வயதிலேயே கொல்லப்பட்டன. மறுபுறம் பெண் மான்கள் மிகுந்து, காட்டின் இளமரக் கன்றுகளும் பயிர்களும் சேதமுற்றன.

இதற்கு மாற்றாக, இளம் ஆண் மான்களை விட்டுவைத்துத் தேவையான அளவு பெண் மான்களை வேட்டையாடும் கருத்தை டெக்சாசைச் சேர்ந்த ஆல் பிரதர்சு, மர்பி ரே ஆகியோர் 1975 இல் வெளியிட்ட நூல் பரப்பியது. 1988 இல் உயிரியலாளர் சோ ஆமில்டன் தென் கரொலைனாவில் தொடங்கிய சங்கம் நாடளாவிய தரமான மான் மேலாண்மைச் சங்கமாக வளர்ந்தது. அது 2020 இல் வேறோர் அமைப்புடன் இணைந்து தேசிய மான் சங்கம் ஆனது.

வயதும் கொம்பும்

மாட்டின் கொம்பு நிலையானது. மானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து, வசந்தத்திலும் கோடையிலும் புதிதாக வளர்வது. அதன் அளவை வயது, உணவு, மரபு ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. காட்டு மான்களின் மரபை நில உரிமையாளர் மாற்ற இயலாது. உணவை ஓரளவு மேம்படுத்தலாம். வயதைக் கூட்டுவதற்கோ சுடாமல் விடுவதே போதும். பெரும்பாலான ஆண் மான்களின் கொம்பு 5 முதல் 7 வயதுக்குள் உச்ச அளவை அடைகிறது.

உயிருள்ள மானின் வயதைக் கழுத்து, மார்பு, வயிற்றுக் கோடு ஆகியவற்றின் தோற்றத்தைக் கொண்டு தோராயமாகக் கணிப்பர். கொல்லப்பட்ட மானின் வயதைக் கீழ்த்தாடைப் பற்களின் முளைப்பையும் தேய்வையும் கொண்டு மதிப்பிடுவர்.

நிலப் பரப்பின் வரம்பு

வளர்ந்த ஆண் மானின் ஆண்டு நடமாட்டப் பரப்பு பொதுவாக ஒரு சதுர மைல் (640 ஏக்கர்) அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். 50 ஏக்கர் நிலம் இதில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும் இளம் ஆண் மான்களுள் பல 1 முதல் 1½ வயதுக்குள் பிறந்த இடத்தை விட்டுப் பல கிலோமீட்டர் தொலைவு சென்று குடியேறுகின்றன. ஆகவே ஒருவர் விட்டுவைக்கும் மான் பிறர் நிலத்தில் முதிரக்கூடும். அவரது நிலத்தில் முதிரும் மான் பிறர் விட்டுவைத்ததாக இருக்கக்கூடும்.

நிலத்தில் செய்யக்கூடியவை

- நெருக்கமான மரங்களுள் சிலவற்றை வெட்டித் தரையில் வெயில் படச் செய்தல். இதனால் மான் எட்டும் உயரத்தில் தழையும் மறைவிடமும் பெருகும்.
- நிலத்தின் ஒரு பகுதியில் எவரும் நுழையாமல் மான்களுக்குப் புகலிடமாக விடுதல்.
- குளோவர் போன்ற தீவனப் பயிர்களைச் சிறு பாத்திகளில் விதைத்தல்.
- காற்றின் திசை அறிந்து, மனித வாடை மான்களை எட்டாத வழியில் சென்று வருதல்.

அயலாருடன் உறவு

அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு விலங்குகள் நில உரிமையாளரின் உடைமை அல்ல. மக்கள் சார்பில் மாநில அரசு அவற்றைக் காக்கிறது. எனவே அயலார் தம் நிலத்தில் சட்டப்படி ஓர் இளம் மானைச் சுடுவது குற்றமாகாது. அதைத் தடுக்க இணக்கம் ஒன்றே வழி.

அடுத்தடுத்த நில உரிமையாளர்கள் பல இடங்களில் தன்னார்வக் கூட்டுறவுக் குழுக்களை அமைத்துள்ளனர். எந்த வயது மான்களை விட்டுவைப்பது, எத்தனை பெண் மான்களை வேட்டையாடுவது ஆகியவற்றை இவர்கள் பேசி முடிவு செய்கின்றனர். தானியங்கி ஒளிப்படக் கருவிகளின் படங்களையும் பகிர்கின்றனர். இறைச்சிக்காக மட்டும் வேட்டையாடுபவரிடம் பெண் மான்களைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்கலாம். சிறுவர்களுக்கும் புதியவர்களுக்கும் விதிவிலக்கு அளிப்பதும் உண்டு.

பூசல்கள் பெரும்பாலும் எல்லையில் எழுகின்றன. வேட்டைப் பரண்களை எல்லையை ஒட்டி அமைக்காமல் இருப்பது நல்லது. காயம்பட்ட மான் அடுத்த நிலத்தில் விழுந்தால், அதை எடுக்கப் பல மாநிலங்களில் உரிமையாளரின் அனுமதி தேவை. ஆகவே பருவம் தொடங்கும் முன்பே இதைப் பேசி வைப்பது பயன் தரும். டெக்சாசு, மிசூரி உள்ளிட்ட சில மாநிலங்களில் மரங்களில் பூசிய ஊதா வண்ணப் பட்டை, அத்துமீறி நுழையக்கூடாது என்பதற்கான சட்ட அறிவிப்பாகும்.

நோயும் விமர்சனமும்

இம்முறை கொம்பின் அளவுக்கு மிகை முதன்மை தருகிறது என்பது ஒரு விமர்சனம். நாட்பட்ட மெலிவு நோய் இதைவிடப் பெரிய சிக்கலாகும். கொலராடோவில் 1967 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய் பிரியான் என்னும் பிறழ்ந்த புரதத்தால் உண்டாகிறது, இதற்கு மருந்தில்லை. வளர்ந்த ஆண் மான்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால், நோய்ப் பகுதிகளில் அவற்றை விட்டுவைக்கும் கொள்கையே கேள்விக்குள்ளாகிறது. மிசூரி மாநிலம் இத்தகைய மாவட்டங்களில் இளம் ஆண் மான்களைக் காத்த கொம்புக் கிளை விதியை நீக்கியது. ஓரிடத்தில் மான்கள் குவிவது நோயைப் பரப்பும் என்பதால், தீனியிட்டு ஈர்ப்பதையும் பல மாநிலங்கள் கட்டுப்படுத்தியுள்ளன. ஆதலால் அயலார் செய்துகொள்ளும் உடன்பாடுகளும் மாநில வனவிலங்குத் துறையின் அறிவுறுத்தல்களுக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டியவையாகும்.