தூர தேசமும் சொந்தத் தெருவும்

பிறநாட்டு மக்களின் படமொன்றை வகுப்பிற் காட்டினால் மாணவர் சிலர் முதலிற் சிரிப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். உடை புதிது, தலையலங்காரம் புதிது, ஆதலாற் சிரிப்பு வருகிறது. சிறிது நேரம் உற்று நோக்கியபின், "இவர் என்ன தொழில் செய்கிறார், ஐயா?" என்று ஒருவன் கேட்பான். அவ்வினாவிலேதான் கல்வி தொடங்குகிறது. சிரிப்புக்கும் வினாவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படப்பெட்டியுடன் நடந்து கடக்க முயன்ற ஒருவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

அவர் பெயர் ஜோன் தொம்சன். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் 1837ஆம் ஆண்டு பிறந்தவர். 1862இற் சிங்கப்பூருக்கு வந்தார். 1865இற் சயாமுக்கும், மறு ஆண்டு அங்கோருக்கும் சென்றார். 1868 முதல் 1872 வரை சீனாவிற் படம்பிடித்தார்.

அக்காலத்திற் படம்பிடித்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டிற் பசைபோன்ற மருந்தைப் பூசி, வெள்ளியுப்புக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படத்தை எடுத்து, உடனேயே இருட்டுக் கூடாரத்துக்குள் வைத்துக் கழுவவேண்டும். கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள் யாவற்றையும் கூலியாட்கள் மலையேறிச் சுமந்தனர். ஒரு படத்துக்கு இத்தனை பாடு என்றால், எதைப் பிடிப்பது என்று ஆற அமரச் சிந்திக்க வேண்டியதாயிற்று. அவசரமின்மை அவருக்குக் கிடைத்த முதற் பாடம் எனலாம்.

சயாமிய மன்னர் மொங்குட் படத்துக்காக முதலில் வெண்ணிற ஆடையில் வந்தார். பின்னர் ஐரோப்பியத் தளபதியின் சீருடைக்கு மாறினார். ஐரோப்பியர் நாடு பிடித்துவந்த காலம் அது. எவ்வாறு பார்க்கப்படுகிறோம் என்பது ஓர் அரசின் வாழ்வையே தீர்மானிக்கும் என்பதை அம்மன்னர் அறிந்திருந்தார் போலும்.

அங்கோரில் தொம்சன் கண்டது வேறு காட்சி. அடர்ந்த காடு, அதனிடையே வானளாவிய கற்கோபுரங்கள், கல்லைப் பற்றிப் பிளக்கும் மரவேர்கள். சீனாவிலோ யாங்சி ஆற்றின் செங்குத்தான மலையிடுக்குகளும், பீக்கிங் நகரின் அகன்ற மதில்களும் அவரை எதிர்கொண்டன. நிலம் மாறமாற மனிதர் கட்டுவதும் உழுவதும் உடுப்பதும் மாறுவதை அவர் படங்கள் காட்டுகின்றன.

ஆயினும் அவரை எல்லோரும் வரவேற்கவில்லை. கமரா உயிரைக் கவரும் என்று சிலர் அஞ்சினர். தென்சீன நகரொன்றிற் பாலத்தைப் படம்பிடிக்க முயன்றபோது கூட்டத்தினர் கல்லெறிந்தனர். இதை அறியாமை என்று மட்டும் கூறுதல் தகாது. இரண்டாம் அபினிப் போர் 1860இல்தான் முடிந்திருந்தது. பீரங்கியோடு வந்த அந்நியனைக் கண்டவர்களுக்குக் கமராவோடு வந்த அந்நியனும் ஐயத்துக்குரியவனே.

தொம்சனும் தம் காலத்துக் குறைகளிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். 1873-74இல் வெளிவந்த அவரது சீனப் படநூல் நான்கு தொகுதிகளைக் கொண்டது. அதில் இளவரசர் குங் போன்றோருக்குப் பெயர் உண்டு. ஏழைகளோ பெரும்பாலும் 'கூலியாள்', 'வியாபாரி' என்ற வகைப்பெயருடனேயே நிற்கின்றனர். எனினும் அம்முகங்களிற் களைப்பும் பெருமிதமும் தெரியும்வரை அவர் பொறுத்திருந்தார் என்பதை மறுக்கவியலாது.

அவர் வாழ்வின் சிறந்த திருப்பம் தாயகம் திரும்பிய பின்னரே நிகழ்ந்தது. 1877-78இல், அடொல்ப் சிமித் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து, லண்டன் தெருக்களில் வாழ்ந்த ஏழைகளைப் படம்பிடித்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில், வீடற்ற மூதாட்டி ஒருத்தி கற்படியிற் சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் ஒரு குழந்தை. தாய் வேலைக்குச் சென்றிருக்க, சிறிது தேநீருக்கும் ரொட்டிக்குமாக அவள் அதைப் பார்த்துக்கொள்கிறாள். உலகின் செல்வத் தலைநகரிலேயே இக்காட்சி! சீனத்தின் வறுமையைக் கண்டு சிரித்த லண்டன்வாசி, இப்படத்தைப் பார்த்து எவ்வாறு சிரிப்பான்?

நேயர்களே, பயணத்தின் பயன் தூரத்தை அளப்பதன்று. திரும்பி வந்த கண்ணால் நம் தெருவைப் புதிதாகக் காண்பதே. பிறர் வாழ்வைக் கண்டு சிரிப்பு எழும்போது சற்றுப் பொறுத்து இன்னொருமுறை பார்ப்போமாக.